வீட்டில் லைட்டை நூர்க்கிற கை, கந்தோரில் ஏன் நூர்ப்பதில்லை?

திருகோணமலையில் எங்கள் கந்தோரில் ஒரு அண்ணன் இருக்கிறார். வீட்டில் கணக்கான மனிதர். பிள்ளைகள் அறையை விட்டு வெளியே வந்தால் பின்னாலேயே போய் ஃபேனையும் லைட்டையும் நூர்த்துவிட்டுத்தான் வருவார். பைப் சொட்டினால் அவருக்கு நித்திரை வராது. அதே அண்ணன் பின்னேரம் நாலேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நிலாவெளி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, அவருடைய அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், கணினித் திரைகள் எரிந்துகொண்டிருக்கும்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான், ஒரே அறிவுதான். இடம் மாறியதும் நடத்தை மாறிவிடுகிறது. இது ஏன் என்று வாசிக்கத் தொடங்கிய பிறகுதான், இதற்கென்றே ஒரு ஆய்வுத்துறை இருப்பது தெரியவந்தது. ஊழியர்களின் சுற்றாடல்நேய நடத்தை என்று அதைச் சொல்லலாம். அதில் நான் விளங்கிக்கொண்டதை, இந்த விஷயத்தை முதன்முறையாகக் கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒருவர் வேலைத்தலத்தில் சுற்றாடலுக்கு நல்லதைச் செய்வது பாதி அவருடைய மனதில் இருக்கிறது, மீதிப் பாதி அவர் வேலை செய்யும் இடம் எப்படி ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. நாங்கள் மனதைப் பற்றியே பேசிக்கொண்டு மற்றப் பாதியைத் தொடாமல் விட்டிருக்கிறோம்.

முதலில், எதையெல்லாம் இந்தப் பெயரில் சேர்க்கலாம்?

மரம் நடுவதும் கடற்கரையைத் துப்புரவு செய்வதும்தான் பலருக்கு உடனே ஞாபகம் வரும். அவை நல்ல வேலைகள். ஆனால் வருடத்தில் ஒருநாள் டீ-சேர்ட் போட்டுக்கொண்டு செய்கிற வேலையை விட, தினமும் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிற சின்ன வேலைகளைத்தான் ஆய்வாளர்கள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். டெனிஸ் ஓனெஸ், ஸ்டெபான் டில்கர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த நடத்தைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். தண்ணீர், மின்சாரம், கடதாசி எல்லாவற்றிலும் சிக்கனமாக இருப்பது ஒரு வகை. கெடுதல் செய்யாமல் இருப்பது இன்னொன்று. நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் நங்கூரத்தைப் பவளப்பாறையில் போடாமல் மணல் பார்த்துப் போடுவதும், எஞ்சின் கழிவு எண்ணெயை வாடியோரம் ஊற்றாமல் கேனில் சேர்த்து வைப்பதும் அந்த வகை. வேலை செய்யும் முறையையே மாற்றுவது, கூட வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, யாரும் கேட்காமலே முன்னின்று ஒன்றைத் தொடங்குவது ஆகியவை மற்ற மூன்றும்.

இன்னொரு பிரிப்பும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சில வேலைகள் கடமைக்குள் அடங்கும். ஆஸ்பத்திரியில் ஊசியை ஒரு பெட்டியிலும் சாப்பாட்டுக் கழிவை வேறொரு வாளியிலும் போடுவது ஒரு தாதியின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. அப்படிச் செய்யாவிட்டால் கேள்வி வரும். மற்றவை யாரும் கேட்காதவை. போகும்போது ஏ.சி.யை நூர்ப்பது, தேநீருக்கு வீட்டுக் கோப்பையைக் கொண்டுவருவது, ஒருபக்கம் அச்சடித்த தாளின் மறுபக்கத்தைக் குறிப்பெழுத எடுத்துவைப்பது எல்லாம் இதற்குள் வரும். கடமைக்குள் வருவதைச் சட்டமும் சுற்றுநிருபமும் பார்த்துக்கொள்ளும். கேட்காமல் செய்கிறார்களே, அதை எது செய்ய வைக்கிறது என்பதில்தான் சிக்கல் முழுக்க இருக்கிறது.

அன்பு இருந்தால் போதாதா?

திருகோணமலைக்காரருக்குக் கடலில் அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கீழே அந்த நீலத்தைப் பார்க்காமல் வரமாட்டார்கள். கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான்களுக்கு வாழைப்பழத் தோலைக் கொடுக்காத பிள்ளை இங்கே இல்லை. அந்த மான்களே குப்பையில் கிடக்கும் சாப்பாட்டு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. அதைப் பார்த்து மனம் நோகாதவர் யாரும் இல்லை. அப்படி மனம் நொந்தவர்களின் மேசையிலும் மத்தியானம் ஆனால் லஞ்ச் சீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாளில் சுற்றிய சாப்பாட்டுப் பார்சல்தான் இருக்கும், சொப்பிங் பேக்கில் போட்டு.

நினைப்பதற்கும் செய்வதற்கும் இடையில் கிடக்கும் இந்தத் தூரத்தை விளக்க, 1991 இல் ஐசெக் ஐசன் எழுதிய கோட்பாட்டைத்தான் பெரும்பாலானோர் முதலில் எடுக்கிறார்கள். அவர் சொல்வது எளிது. ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யத் தீர்மானிப்பதற்கு முன் அவருக்குள் மூன்று கேள்விகள் ஓடுகின்றன. இது நல்லதா? என்னைச் சுற்றி இருப்பவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள்? என்னால் இது முடியுமா?

சாப்பாட்டுப் பார்சலையே எடுத்துப் பார்ப்போம். முதல் கேள்விக்கு எங்கள் கந்தோரில் எல்லோருக்கும் ஒரே விடைதான். லஞ்ச் சீட் கூடாது, உக்காது, வாய்க்காலை அடைக்கும். இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் தடுமாற்றம் வரும். கடைக்குப் பாத்திரத்தைக் கொண்டுபோனால் மத்தியான நெரிசலில் முதலாளி முகம் சுளிப்பார், வரிசையில் பின்னால் நிற்பவர் அவசரப்படுவார். மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் விழுந்துவிடும். சாப்பிட்ட பாத்திரத்தை எங்கே கழுவுவது? எங்களிடம் இருந்தது கழிவறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பைப். அங்கே சோற்றுத் தட்டைக் கழுவ யாருக்கு மனம் வரும்?

இலங்கையில் லஞ்ச் சீட், சொப்பிங் பேக், ரிஜிபோம் பெட்டி ஆகியவற்றுக்கு 2017 செப்டெம்பர் 1 முதல் கட்டுப்பாடு வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு வரை தடை நீண்டது. இந்தச் சட்டங்கள் தேவையானவைதான், ரிஜிபோம் பெட்டி கண்ணில் படுவது நன்றாகக் குறைந்துபோனது. ஆனால் எங்கள் கந்தோரில் லஞ்ச் சீட் குறைந்ததற்குக் காரணம் வேறு. களஞ்சிய அறையின் பின்பக்கம் ஒரு பேசினும் பைப்பும் பூட்டி, தட்டுக் கவிழ்க்க ஒரு றாக்கை வைத்தோம். செலவு பெரிதில்லை. விழிப்புணர்வுக் கூட்டம் எதுவும் வைக்கவில்லை. முதலில் இரண்டு பேர் வீட்டிலிருந்து தட்டுக் கொண்டுவந்தார்கள், பிறகு நான்கு பேர். இப்போது றாக்கையில் இடம் போதவில்லை.

இதைக் கண்ட பிறகு, ஒரு சக ஊழியர் நல்ல பழக்கம் ஒன்றுக்கு வராதபோது "இவருக்கு அக்கறையில்லை" என்று முடிவுகட்டுவதை விட்டுவிட்டேன். அவருக்கு எது இடறுகிறது என்று முதலில் பார்க்கிறேன். சுவிட்சுப் பலகையில் பன்னிரண்டு சுவிட்ச் இருந்து, எது எந்த லைட்டுக்கு என்று தெரியாவிட்டால், யாரும் ஒன்றையும் தொடமாட்டார்கள், அடுத்த அறையின் லைட் போய்விடுமே என்ற பயத்தில். 5எஸ் என்ற, வேலைத்தலத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானியத் திட்டம் வந்தபோது எங்கள் அரச கந்தோர்களில் சுவிட்சுகளுக்கு இலக்கமும் பெயரும் ஒட்டினார்கள். அந்தத் துண்டுக் கடதாசி செய்த வேலையைப் பல சுவரொட்டிகள் செய்யவில்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

அரச வேலைக்கு வருவதற்கு முன் உப்புவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். அங்கே ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு சிறிய அட்டை தொங்கும். சுற்றாடலைக் காப்போம், துவாயைத் திரும்பவும் பாவியுங்கள் என்று. சீசன் காலத்தில் லோண்டறிப் பக்கம் போனால் துவாய் மலைபோலக் குவிந்திருக்கும். அட்டையை யாரும் வாசிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகுதான் அந்த அட்டையை வைத்தே அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது தெரியவந்தது. நோவா கோல்ட்ஸ்டீன், ரொபர்ட் சியால்டினி, விளாடாஸ் கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008 இல் வெளியிட்டது. ஒரு ஹோட்டலின் சில அறைகளில் வழக்கமான "சுற்றாடலைக் காப்போம்" அட்டையைத் தொங்கவிட்டார்கள். மற்ற அறைகளில், இங்கே தங்குபவர்களில் பெரும்பாலானோர் துவாயைத் திரும்பப் பாவிக்கிறார்கள் என்று எழுதிய அட்டையை வைத்தார்கள். முதல் அட்டைக்குச் சுமார் 35 சதவீதம் பேர் இணங்கினார்கள், இரண்டாவதுக்கு 44 சதவீதம் பேர். அடுத்த சுற்றில் இன்னும் நெருங்கிப்போனார்கள். இதே அறையில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியதும் அது 49 சதவீதமாக ஏறியது. முன்பு இந்த அறையில் யார் தங்கினார் என்று வந்தவருக்குத் தெரியாது, தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை. என்றாலும் "நான் நிற்கும் இதே இடத்தில் நின்றவர்கள்" என்ற எண்ணம் ஆளை அசைக்கிறது.

வேலைத்தலத்தில் இது இன்னும் பலமாக வேலை செய்யும். அங்கே இருப்பவர்கள் தெரியாதவர்கள் அல்ல, தினமும் கூட இருந்து சாப்பிடுகிறவர்கள். புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சி ஒருவர் முதல் கிழமையில் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் இந்த இடத்தின் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார். எல்லோரும் லைட்டை எரியவிட்டுப் போனால், தான் மட்டும் நின்று நூர்ப்பது அவருக்குப் பெரிய ஆள்போல நடப்பதாகத் தோன்றும். எல்லோரும் நூர்த்துவிட்டுப் போனால், விட்டுப் போவது கூச்சமாக இருக்கும்.

இதே மருந்து தவறாகக் கொடுத்தால் விஷமாகிவிடும். அரிசோனாவில் கல்லாகிப்போன பழைய மரங்கள் கிடக்கும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. வருகிறவர்கள் அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். சியால்டினி குழுவினர் அங்கே இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். "பலர் இதைத் தூக்கிச் சென்றதால் காடு அழிகிறது" என்ற கருத்தில் எழுதிய பலகை இருந்த இடத்தில் கிட்டத்தட்ட 8 சதவீதத் துண்டுகள் களவு போயின. வெறுமனே எடுக்கவேண்டாம் என்று கேட்ட பலகை இருந்த இடத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பலர் செய்கிறார்கள் என்று புலம்பும்போதே, செய்வது வழக்கம்தான் என்று நாங்களே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். "எங்கள் ஊழியர்களில் பெரும்பாலானோர் குப்பையைப் பிரித்துப் போடுவதில்லை என்பதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம்" என்று தொடங்கும் சுற்றுநிருபங்களை நான் கண்டிருக்கிறேன். எழுதியவரின் நோக்கம் நல்லது. ஆனால் அதை வாசித்தவருக்கு நிம்மதி, தான் தனியாள் இல்லை என்று.

மேலே இருப்பவர்கள்

2013 இல் ஜெனிபர் ரொபர்ட்சன், ஜூலியன் பார்லிங் இருவரும் வெளியிட்ட ஆய்வு தலைவர்களையும் அவர்களுக்குக் கீழ் வேலை செய்பவர்களையும் சோடி சோடியாக எடுத்துப் பார்த்தது. தலைவர் சுற்றாடல் விஷயத்தில் தானே நடந்து காட்டி, அதைப் பற்றி உற்சாகத்தோடு பேசும் இடத்தில் ஊழியர்களிடமும் அந்த நடத்தை கூடுதலாக இருந்தது. இதற்கு ஆய்வு தேவையா என்று கேட்கலாம். தேவைதான் என்பேன், ஏனென்றால் எங்கள் ஊரில் தலைவர் என்பவர் கையெழுத்துப் போட்டுச் சுற்றுநிருபம் அனுப்புவதோடு தன் பங்கு முடிந்தது என்று நினைக்கிறார். கூட்டம் நடக்கும் அறையில் ஏ.சி. 18 இல் ஓடிக்கொண்டிருக்க, எல்லோருக்கும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் வைத்துவிட்டு, மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேசினால் கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? எங்களுக்கு முன்பு தலைவராக இருந்த சேர் ஒருவர் கூட்டத்துக்கு ஒரு செம்பும் கிளாசும் தானே எடுத்துக்கொண்டு வருவார். ஒருநாளும் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. இரண்டு மாதத்துக்குள் கூட்டத்துக்குப் போத்தல் தண்ணீர் வாங்குவது தானாக நின்றது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். கேட்காமல் செய்யும் நல்ல வேலை எல்லாமே, இந்த இடம் என்னை மதிக்கிறது என்ற உணர்விலிருந்து வருவது. அந்த உணர்வு உடைந்தால் முதலில் நிற்பது இந்த வேலைகள்தான். நான் வேலை செய்த ஹோட்டலில் மின்சாரச் செலவைக் குறைக்க என்று ஒரு வருடம் முடிவெடுத்தார்கள். விருந்தினர் அறைகளைத் தொடமுடியாது. ஆகவே ஊழியர் விடுதியில் இரவு பதினொரு மணிக்குப் பிறகு ஃபேனை நிறுத்தினார்கள். கச்சான் காற்று வீசும் காலம். திருகோணமலையில் அந்த இரவுகளைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, சுவரே சுடும். அதுவரை விருந்தினர் வெளியே போனதும் ஓடிப்போய் அறையின் ஏ.சி.யை நிறுத்திக்கொண்டிருந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிமார் அன்றோடு அதைச் செய்வதை விட்டுவிட்டார்கள். விடுதியில் மிச்சம் பிடித்ததை அறைகளில் இழந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்றும் அந்தத் தம்பிமாரின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

பிரித்துப் போட்ட குப்பையின் கதையும் இதைப் போன்றதே. பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று வாளி வைத்து, படம் ஒட்டி, எல்லோரும் ஒழுங்காகப் பிரித்துப் போடத் தொடங்கிய ஒரு இடத்தில் நானும் இருந்தேன். ஒருநாள் காலை கே.கே.எஸ். (அலுவலக உதவியாளர்) அண்ணன் என்னிடம் வந்து, "மிஸ், நீங்க பிரிச்சுப் போட்டு என்ன, எல்லாம் ஒரே டிரக்டர்லதான் கொட்டுறாங்க" என்றார். ஜன்னலால் பார்த்தேன், உண்மைதான். அந்தச் செய்தி ஒரு மணித்தியாலத்தில் கட்டடம் முழுக்கப் பரவியது. அடுத்த கிழமை மூன்று வாளியிலும் எல்லாம் கலந்து கிடந்தது. தான் செய்வதால் ஏதாவது ஆகும் என்ற நம்பிக்கை போய்விட்டால் எந்தப் பாடமும் ஏறாது. வாளி வாங்குவதற்கு முன்பே அதை ஏற்றிப்போகும் ஆட்களோடு பேசி, எந்த நாள் எதை எடுப்பார்கள் என்று முடிவுசெய்திருக்கவேண்டும். அதைச் செய்யாமல் விட்டது ஊழியரின் பிழை அல்ல.

கேட்காமலே நடக்கும்படி வைப்பது

கடதாசி விஷயத்தில் சுவீடனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் நடந்த பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சோதனையில் ஊழியர்களிடம், தயவுசெய்து இரண்டு பக்கமும் அச்சடியுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இன்னொன்றில் அச்சு இயந்திரத்தில், ஒன்றும் தெரிவு செய்யாவிட்டால் இரண்டு பக்கமும் அடிக்கும்படி அமைப்பை மாற்றிவைத்தார்கள். ஒருபக்கம் மட்டும் வேண்டுமென்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. கடதாசிப் பாவனை 15 சதவீதம் குறைந்தது. ஒருவரும் புதிதாகப் பசுமைவாதி ஆகவில்லை. இருந்த அமைப்பை மாற்ற யாருக்கும் அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கந்தோரில் இதற்கு ஐந்து நிமிடம் போதும். கணினி வேலை தெரிந்த தம்பி ஒருவரைக் கேட்டால் செய்துதருவார்.

அதே மாதிரி, தான் எவ்வளவு செலவழிக்கிறேன் என்று கண்ணுக்குத் தெரிவதும் ஆளை மாற்றும். வீட்டில் மின்பட்டியல் கதவிடுக்கில் வந்து விழும், அம்மா அதை வாசித்து எல்லோரையும் ஏசுவார். கந்தோரில் அது கணக்குக் கிளைக்குப் போய், கோப்பில் ஏறி, காசோலையாகி வெளியே போகும். எரித்தவர் அதை ஒருநாளும் காண்பதில்லை. நெதர்லாந்தில் ஒரு உலோகத் தொழிற்சாலையில் 1990களில் செய்த ஆய்வு ஒன்று இதைத்தான் தொட்டது. ஒரு பிரிவினருக்கு அவர்களுடைய சக்திப் பாவனையை மட்டும் காட்டினார்கள். மற்றப் பிரிவினருக்குத் தங்களுடையதையும் அடுத்த பிரிவினருடையதையும் சேர்த்துக் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்தவர்கள் கூடுதலாக மிச்சம் பிடித்தார்கள், அரை வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது. அவர்களுடைய மனப்பான்மையை அளந்தபோது அதில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மனம் மாறினால்தான் கை மாறும் என்று நாங்கள் நினைக்கிறோம். இங்கே கை முதலில் மாறிவிட்டது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டடங்களில் நடந்து 2011 இல் வெளியான ஆய்விலும் இதே கதை. மாதாமாதம் பாவனையை அறிவித்த கட்டடங்களில் மின்சாரம் 7 சதவீதம் குறைந்தது. தங்களுக்குள்ளேயே ஒருவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்ன கட்டடங்களில் 4 சதவீதம் குறைந்தது. ஒன்றும் செய்யாமல் விட்ட கட்டடங்களில் 4 சதவீதம் கூடியது. வேர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம் 2014 இல் தன் 335 கப்டன்மாரை வைத்துச் செய்த பரிசோதனையில், எரிபொருள் சிக்கனம் கவனிக்கப்படுகிறது என்று அறிவித்ததுமே எல்லோரிடமும் முன்னேற்றம் வந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கு கொடுத்தபோது அது இன்னும் கூடியது. ஆகாயத்தில் பறக்கிற கப்டனுக்கும் எங்கள் கே.கே.எஸ். அண்ணனுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

தண்டப்பணமும் பரிசும் பற்றிச் சுருக்கமாக. பரிசு வைத்தால் பரிசு இருக்கும்வரை நடக்கும். தண்டம் சில நேரம் எதிர்மாறாகப் போகும். இஸ்ரேலின் ஹைபா நகரில் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகப் பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் விதித்தபோது பிந்தி வருவோர் கூடினார்கள். அதுவரை இருந்த கூச்சம் போய், காசு கட்டினால் சரி என்றாகிவிட்டது. கந்தோரில் லைட்டை விட்டுப்போனால் ஐம்பது ரூபாய் என்று உண்டியல் வைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவேண்டும்.

2022 எங்களுக்குக் காட்டியது

இந்த விஷயத்தில் எங்கள் நாடு விரும்பாமலே ஒரு பெரிய பரிசோதனையைச் செய்து முடித்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் கியூவில் இரவு முழுக்க நின்ற மனிதர்கள். யூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். திருகோணமலையில் யாரைப் பார்த்தாலும் சைக்கிள். லிங்கநகர், உப்புவெளி, சாம்பல்தீவு என்று எல்லாப் பக்கமிருந்தும் கந்தோருக்கு மிதித்து வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அக்காமாரை நான் மறக்கமாட்டேன். ஒரே வழியால் வருபவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேராக வந்தார்கள். கந்தோரில் ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்துக்கு மேசையை நகர்த்திப்போட்டோம். கடதாசித் தட்டுப்பாட்டால் ஒவ்வொரு தாளும் இரண்டு பக்கமும் நிரம்பியது.

சுற்றாடல்நேய நடத்தை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அந்த மாதங்களில் நாங்கள் செய்தோம். முடியாது என்று சொன்னவை எல்லாம் முடிந்தன. பிறகு எரிபொருள் வந்தது, 2023 செப்டெம்பரில் கியூஆரும் நின்றது. சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வீட்டுத் தாழ்வாரத்துக்குத் திரும்பின.

ஏன் நிலைக்கவில்லை? பழக்கம் என்பது ஆளோடு மட்டும் ஒட்டியது அல்ல, அது இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டியது. நெருக்கடி எங்களை ஒரு பக்கம் தள்ளியது, ஆனால் அந்தப் பக்கத்தில் எங்களைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் பார்த்த எந்தக் கந்தோரும் அந்த நேரம் சைக்கிளுக்கு ஒரு கூரை போடவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு நிழல் இருந்தது, சைக்கிள் வெயிலில் நின்றது. வேர்த்து வந்தவர் முகம் கழுவிச் சேலையைச் சரிசெய்ய ஒரு மூலை இருக்கவில்லை. ஒன்றாக வந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போகும்படி வேலையை ஒழுங்குபடுத்தவும் யாரும் நினைக்கவில்லை. கட்டாயம் நீங்கியதும் எல்லாம் பழைய வாய்க்காலில் ஓடியது. எனக்கு அதில் இன்றும் கவலைதான். அவ்வளவு வேர்வை சிந்திப் பழகிய பழக்கத்தை ஒரு தகரக்கூரைச் செலவில் கொஞ்சப் பேரிடமாவது காப்பாற்றியிருக்கலாம்.

கடைசியாக, நாங்கள் செய்துபார்த்த ஒரு காரியம். மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வை வாசித்த பிறகு, கைவிரல் அடையாளம் வைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையை மாட்டினோம். கே.கே.எஸ். அண்ணன் தினமும் காலை மீற்றரைப் பார்த்து நேற்று எத்தனை அலகு போனது என்று எழுதுவார். கீழே போன கிழமை இதே நாளின் கணக்கையும் எழுதுவார். வேறு ஒரு வசனமும் இல்லை, மூன்று மொழியில் எழுதவேண்டிய தேவையும் இல்லை, இலக்கம் எல்லோருக்கும் விளங்கும். விரலை வைக்க வரிசையில் நிற்கும்போது கண் தானாக அங்கே போகும். முதல் நாட்களில் பலர் பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு திங்கட்கிழமை இலக்கம் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை மாநாட்டு அறையின் ஏ.சி.யை யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள் என்று அன்று முழுக்கப் பேச்சு. சேர் தானே வந்து, கடைசியாக அந்த அறையில் இருந்தது நான்தான் என்றார்.

போன புதன்கிழமை கே.கே.எஸ். அண்ணன் லீவு. பலகை அன்று வெறுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். இரண்டு இலக்கமும் எழுதியிருந்தது. கையெழுத்து அந்த நிலாவெளி பஸ் அண்ணனுடையது.